பகைவர் உடைத்ததும் நண்பர் திருத்தியதும்

ஆங்கில நாட்டுப் பழைய ஆர்கன்களைப் பற்றிய ஒரு பாடம்



கலியாணப் பூசை முடிந்து மணமக்கள் கோவிலின் நடுவழியே வெளியே வரும்போது, கம்பீரமான ஓர் எக்காள இசை கீபோர்டில் வாசிக்கப்படுவதை நீங்கள் பல தடவை கேட்டிருப்பீர்கள். 1981-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி லண்டன் அர்ச். சின்னப்பர் பேராலயத்தில் இளவரசர் சார்லஸின் திருமணத்தில் வாசிக்கப்பட்டு உலகமெங்கும் பரவிய இசை அது. ஹென்றி பர்ஸல் என்ற வித்துவான் இயற்றியதென்று வெகுகாலம் நம்பி வந்தார்கள். உண்மையில் அதை இயற்றியவர் ஜெரமையா கிளார்க் என்பவர். ஹார்ப்ஸிகார்டு என்னும் தந்தி வாத்தியத்தில் வாசிக்கத்தக்கதாக அது 1700-ல் அச்சேறியது.

இதை நான் பாடகர் குழுவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, “சுவாமி, பழைய இசையை வாசிக்கப் பழைய பெட்டிதான் வேண்டுமா? புதுப் பெட்டியில் வாசித்தால் இன்னும் நன்றாயிராதா?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்கு அன்று சொன்ன பதில் அரைகுறையாய் இருந்தது. ஆகையால் முழுப் பதிலையும் இந்த வாரம் உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன். இது ஆங்கில தேசத்தில் நடந்த கதை. ஆனால் கேட்டு முடித்தபின் நமக்கும் ஒரு பாடம் மிஞ்சும்.

1. ஆர்கன் என்பது என்ன?

ஆர்மோனியத்தைத் தெரிந்தவர்கள் ஆர்கனைப் பாதி அறிந்தவர்கள். இரண்டிலும் துருத்தி காற்றை அடைக்கிறது. கட்டையை அழுத்தினால் வழி திறந்து காற்று பாய்கிறது. வித்தியாசம் என்னவென்றால், ஆர்மோனியத்தில் காற்று பித்தளை ரீடை அதிரச் செய்கிறது. ஆர்கனில் காற்று குழலுக்குள் போகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு தனிக் குழல். பெரும்பாலான குழல்கள் ஊதல் போன்றவை. சிலவற்றின் அடியில் மட்டும் ரீடு உண்டு. அவைதான் எக்காளம்போல் முழங்குபவை.

ஒரே குணமுள்ள குழல்களின் வரிசைக்கு ஸ்டாப் என்று பெயர். பெட்டியின் இருபுறமும் உள்ள குமிழ்களில் ஒன்றை இழுத்தால் அந்த வரிசை பேசும். உள்ளே தள்ளினால் மௌனமாகும். பழைய ஆர்கனில் கட்டைக்கும் குழலின் கீழுள்ள மூடிக்கும் இடையே மெல்லிய மரச் சட்டங்களே இணைப்பு. மூடி திறப்பதை வாசிப்பவன் தன் விரல் நுனியிலேயே உணருவான். மின்சாரம் இல்லை, துருத்தியை ஓர் ஆள் பின்னால் நின்று இயக்க வேண்டும்.

2. பகைவர் உடைத்தது

1642-ல் ஆங்கில தேசத்தில் அரசருக்கும் பார்லிமெண்டுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. பார்லிமெண்டு பக்கம் நின்ற பியூரிட்டன்கள், தேவாராதனையில் ஆர்கன் வாசிப்பதை மூடவழக்கம் என்று எண்ணினார்கள். 1644-ம் ஆண்டு மே மாதம், கோவில்களிலுள்ள ஆர்கன்களை அகற்றிவிட வேண்டும் என்று பார்லிமெண்டு சட்டம் பிறப்பித்தது. பல இடங்களில் போர்வீரர்கள் சட்டம் வருமுன்பே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். குழல்களைப் பிடுங்கி மதுக்கடையில் அடகு வைத்தார்கள் என்று அரசர் கட்சியார் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மனித இருதயத்தைப் பாருங்கள். பியூரிட்டன்களின் தலைவர் ஆலிவர் குரோம்வெல், ஆக்ஸ்போர்டிலுள்ள மாக்டலன் கல்லூரியின் ஆர்கனைத் தாம் வசித்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்! கோவிலில் கூடாதது வீட்டில் இன்பமாயிருந்தது. அந்த ஆர்கனின் பழம் பெட்டியும் குழல்கள் சிலவும் இன்று டியூக்ஸ்பரி ஆலயத்தில் இருக்கின்றன.

அதைச் செய்தவர் ராபர்ட் டாலம். அவர் கத்தோலிக்கர். தொழிலுக்கு இடமில்லாமற் போகவே குடும்பத்தோடு பிரான்சு தேசத்தின் பிரித்தானிப் பகுதிக்குப் போய், அங்குள்ள கோவில்களுக்கு ஆர்கன் செய்து பிழைத்தார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ரெனேட்டஸ் ஹாரிஸ் அங்கேதான் பிறந்தான். அந்தப் பெயரை மறவாதிருங்கள்.

3. இரண்டு ஆர்கன்களின் போட்டி

1660-ல் மறுபடியும் முடியாட்சி வந்தது. கோவில்கள் ஆர்கன் கேட்டன. செய்ய ஆள் இல்லை. டாலம் குடும்பம் தாய்நாடு திரும்பியது. ஹாலந்திலிருந்து பெர்னார்டு ஸ்மித் என்பவரும் வந்தார். இவரை எல்லாரும் ‘ஃபாதர் ஸ்மித்’ என்று அழைத்தார்கள். குருவானவர் என்று எண்ணிவிடாதேயுங்கள். தொழிலில் மூத்தவர் என்ற மரியாதைக்கு இட்ட பெயர் அது.

லண்டனில் வழக்கறிஞர்களின் இரண்டு சங்கங்களுக்குப் பொதுவாக டெம்பிள் ஆலயம் என்று ஒன்று உண்டு. 1680-களில் அங்கே ஆர்கன் வைக்கத் தீர்மானித்தபோது, ஒரு சங்கம் ஸ்மித்தையும் மற்றொன்று ஹாரிஸையும் விரும்பியது. இருவரும் தத்தம் செலவில் ஆர்கன் செய்து அதே கோவிலில் நிறுத்தட்டும், கேட்டுத் தீர்மானிப்போம் என்று முடிவாயிற்று. ஸ்மித்தின் ஆர்கனைப் பர்ஸலும் அவர் குருவாகிய ஜான் புளோவும் வாசித்தார்கள். ஹாரிஸின் ஆர்கனை வாசித்தவர், கத்தோலிக்க இராணி கத்தரீனாளின் சிற்றாலயத்தில் வாசித்துவந்த திராகி என்ற இத்தாலியர்.

போட்டி வருஷக்கணக்கில் நீண்டது. ஒருவர் புதிய ஸ்டாப் சேர்த்தால் மற்றவரும் சேர்த்தார். ஸ்மித்தின் துருத்திகளை எதிர்க்கட்சியார் இரவில் கிழித்துவிட்டார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு. இறுதியில் 1688-ல் ஸ்மித்தின் ஆர்கனே நிலைத்தது. ஹாரிஸின் குழல்களில் ஒரு பகுதி அர்ச். பெலவேந்திரர் பெயரால் ஹோல்பர்னில் உள்ள கோவிலுக்கும், ஒரு பகுதி டப்ளின் நகரத்துக்கும் போயின என்பார்கள். போட்டியில் வென்றவர் ஒருவராயினும், இருவருடைய கைத்திறனும் அதனால் உயர்ந்தது.

4. அந்த ஆர்கன்களின் குணம்

அக்காலத்து ஜெர்மன் ஆர்கன்களில் கையால் ஒரு பாகமும் காலால் ஒரு பாகமும் வாசிப்பார்கள். ஆங்கில ஆர்கன்களில் கால்கட்டைகள் அநேகமாய் இல்லை. அதற்குப் பதிலாகக் கைக்கட்டை வரிசையே கீழ்ச் சுரங்களுக்கு நீண்டு போயிற்று. அதன் கடைசிக் குழல் ஏறத்தாழ பத்தரை அடி. காற்றின் அழுத்தமும் சொற்பம். ஆகையால் குழல்கள் அலறுவதில்லை, பேசுகின்றன. ‘டயபேசன்’ என்னும் அடிப்படைக் குழல்களின் குரல் மூச்சுவிட்டுப் பாடும் மனிதக் குரலுக்குச் சமீபமானது.

அடுத்தது ‘கார்னெட்’ என்ற ஸ்டாப். இதை விளக்கத் தம்பூராவைக் காட்டிலும் நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தம்பூராவின் மந்தரத் தந்தியை மீட்டிக் காதை வைத்துக் கேளுங்கள். சட்சத்துக்கு மேல், யாரும் மீட்டாத ஓர் அந்தர காந்தாரம் மெல்ல எழும்பும். ஒரு சுரத்துக்குள் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகள் அடங்கியிருக்கின்றன. இரண்டாவதும் நான்காவதும் மேற்சட்சங்கள், மூன்றாவது பஞ்சமம், ஐந்தாவது அந்தக் காந்தாரம். கார்னெட்டில் ஒரு கட்டையை அழுத்தினால் இந்த ஐந்துக்கும் ஐந்து குழல்கள் ஒருங்கே பேசும். ஆனால் காதுக்கு ஐந்தாகக் கேளாது; வெண்கலம்போல் மின்னும் ஒரே குரலாகக் கேட்கும்.

பின்னும் ஒரு புதுமை 1712-ல் வந்தது. லண்டன் பாலத்தருகே அர்ச். மாக்னுஸ் கோவிலுக்கு ஆர்கன் செய்த ஆபிரகாம் ஜார்டனும் அவர் மகனும், ஒரு தொகுதிக் குழல்களை மரப்பெட்டிக்குள் அடைத்து, காலால் மிதித்தால் அதன் முன்பலகை திறக்கும்படி அமைத்தார்கள். திறக்கத் திறக்க ஓசை வளரும். மூட மூடத் தேயும். இதற்கு ‘ஸ்வெல்’ என்று பெயர். அதுவரை ஆங்கில ஆர்கனின் ஓசையைப் படிப்படியாய்ப் பெருக்கவோ குறைக்கவோ வழி கிடையாது.

5. குருடர் இருவர்

இந்த வாத்தியத்துக்காகப் பிறந்த இசைவகை ‘வாலண்டரி’ எனப்படும். ஆங்கிலிக்கன் ஆராதனையில் சங்கீதங்கள் முடிந்து வேதவாசகம் தொடங்குமுன் ஒன்றும், எல்லாம் முடிந்தபின் ஒன்றும் வாசிப்பது வழக்கம். முதலில் டயபேசனில் நிதானமான ஒரு பாகம்; ஜெபிக்க அமர்ந்தவன் மனத்தை அடக்குவதுபோல் இருக்கும். அடுத்தது வேகமான பாகம். வலக்கை கார்னெட்டிலோ டிரம்பெட்டிலோ விளையாட, இடக்கை மெல்லத் துணை செய்யும். ஒரு வாக்கியம் உரக்கச் சொல்லப்பட்டதும், அதே வாக்கியம் வேறு கட்டை வரிசையில் தூரத்து எதிரொலியாகத் திரும்பும்.

இதில் தேர்ந்தவர்களுள் ஜான் ஸ்டான்லியைச் சொல்ல வேண்டும். 1712-ல் லண்டனில் பிறந்தார். இரண்டு வயதில், கையில் பீங்கான் பாத்திரத்தோடு சலவைக்கல் தளத்தில் விழுந்து பார்வையை இழந்தார். ஆனால் பதினோரு வயதில் ஒரு கோவிலில் ஆர்கன் வாசிப்பவராக நியமனம் பெற்றார். 1726-ல், பதினான்கு வயதில், ஹோல்பர்ன் பெலவேந்திரர் கோவிலுக்கு வந்தார். 1734-ல் டெம்பிள் ஆலயப் பதவியும் கிடைத்தது. முன்னே போட்டியிட்ட ஸ்மித்தின் ஆர்கனும், ஹாரிஸின் குழல்கள் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஆர்கனும் இவ்வண்ணம் ஒரு குருடனின் பத்து விரல்களில் ஒன்றுசேர்ந்தன. 1748, 1752, 1754 ஆகிய ஆண்டுகளில் பத்துப் பத்தாக முப்பது வாலண்டரிகளை ஸ்டான்லி அச்சிட்டார். புதிய பெரும் இசைநூல்களைத் தம் மைத்துனியார் ஒரு தடவை வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வாராம்.

அவர் வாசிப்பதைக் கேட்க டெம்பிள் ஆலயத்துக்கு வந்தவர்களில் ஹாண்டலும் ஒருவர். ஹாண்டல் ஜெர்மனியில் பிறந்து லண்டனில் குடியேறியவர். வேதாகமக் கதைகளைப் பாடற்பிரபந்தங்களாக இயற்றி அரங்கில் நடத்தினார். 1735 முதல் அவற்றின் இடைவேளைகளில் தாமே ஆர்கன் கச்சேரி செய்யலானார். அவற்றில் ஆறு 1738-ல் வெளியாயின. கையெழுத்துப் படிகளில் சில இடங்களில் சுரமே இல்லை. ‘இஷ்டப்படி’ என்றுமட்டும் எழுதியிருக்கும். நம் வித்துவான்களின் மனோதர்மம்போல, மேடையிலேயே கற்பித்து வாசித்தார். 1750-ல் லண்டனிலுள்ள அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு ஓர் ஆர்கனைத் தானமாகக் கொடுத்து, மே 1-ந் தேதி தம்முடைய ‘மெசையா’வை அங்கே நடத்தி உதவினார்.

அவரும் முதுமையில், 1753-க்குள், பார்வையை இழந்தார். கச்சேரிக்குத் துணையாக ஸ்டான்லியை வைத்துக்கொள்ளும்படி வைத்தியர் ஒருவர் யோசனை சொன்னபோது, குருடன் குருடனுக்கு வழிகாட்டுவதைப் பற்றிய சுவிசேஷ உவமையை நினைப்பூட்டி அவர் உரக்கச் சிரித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1759-ல் அவர் மரித்தபின், அந்தக் கச்சேரிகளை நடத்தும் பொறுப்பு ஸ்டான்லியிடமும் வந்து சேர்ந்தது.

6. ஒரு கடிதம்

1749-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி ஹாண்டல் தம் நண்பர் சார்லஸ் ஜெனன்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘மெசையா’வுக்கு வேதவாக்கியங்களைத் தொகுத்துக் கொடுத்தவர் இந்த ஜெனன்ஸ். தம் நாட்டுப்புற மாளிகைக்கு எப்படிப்பட்ட ஆர்கன் செய்யலாம் என்று அவர் கேட்டதற்கு இது பதில். ஒரே கட்டை வரிசை, ஏழு ஸ்டாப்புகள். இரண்டு டயபேசன், அவற்றுக்குமேல் மேற்சட்சம், பஞ்சமம், அதற்கும் மேற்சட்சம், காந்தாரம், இவற்றோடு ஒரு புல்லாங்குழல். ரீடுள்ள ஸ்டாப்புகளை மட்டும் சேர்க்கவில்லை. ஏன்? அவை அடிக்கடி சுருதி கலையும்; நாட்டுப்புறத்தில் சுருதி கூட்ட ஆள் கிடைப்பது கஷ்டம் என்றார்.

இதில் எத்தனை ஞானம்! உலகம் கொண்டாடிய வித்துவான், ‘எவ்வளவு பெரிதாய்ச் செய்யலாம்’ என்று கேட்கவில்லை. ‘அந்த ஊரில் எது நிலைத்து நிற்கும்’ என்று யோசித்தார். அந்த யோசனையோடு சம்பந்தப்பட்ட ஆர்கன் வார்விக்ஷயரில், கிரேட் பாக்கிங்டன் என்ற ஊரின் சந்தியாகப்பர் கோவிலில் இன்றும் இருக்கிறது.

7. சுருதியின் விஷயம்

பையனுடைய கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. தம்பூராவில் தானாக எழும்பும் காந்தாரத்தோடு உங்கள் கீபோர்டின் காந்தாரத்தை ஒத்துப்பாருங்கள். கீபோர்டின் காந்தாரம் சற்றே தூக்கலாய் நிற்கும். ஓர் அரைச்சுரத்தை 100 பங்காக்கினால் ஏறக்குறைய 14 பங்கு அதிகம். எந்தக் கட்டையைச் சட்சமாக வைத்தாலும் வாசிக்க வசதியாகப் பன்னிரண்டு சுரங்களையும் சமமாகப் பங்கிட்டதால் வந்த குறை இது. நம் பாடகர்கள் ஆர்மோனியத்தின்மேல் சொல்லும் பழைய புகாரும் இதுவே.

பழைய ஆங்கில ஆர்கன்களில் காந்தாரம் சுத்தமாகவே, அல்லது அதற்கு மிக அருகில், நின்றது. அதனால் அடிக்கடி வரும் சுரக்கூட்டுகள் அசைவற்ற தண்ணீர்போல் அமைதியாயிருக்கும். அதற்கு ஒரு விலையும் கொடுத்தார்கள்: அபூர்வமாய் வரும் சில கூட்டுகள் காதைக் கடிக்கும். ஸ்மித் டெம்பிள் ஆலய ஆர்கனில் இரண்டு கறுப்புக் கட்டைகளை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொன்றிலும் இரு சுரங்களை வைத்தது இந்தக் கஷ்டத்தைத் தீர்க்கத்தான். ஸ்டான்லி முதலியவர்கள் இந்த இனிமையையும் இந்தக் கடியையும் அறிந்தே எழுதினார்கள். துக்கமான இடத்தில் கடிக்கும் கூட்டு ஒன்று வந்து, பின் சுத்தமான கூட்டில் இளைப்பாறும். எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டால் கடியும் இல்லை, இளைப்பாறுதலும் இல்லை.

8. நண்பர் திருத்தியது

1837-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி, லண்டன் நியூகேட் தெருவிலுள்ள கோவிலில் ஒரு சந்திப்பு நடந்தது. ஜெர்மனியின் இளம் வித்துவான் மெண்டல்ஸன் ஆர்கன் வாசித்தார். கேட்டவர்களுள் எழுபத்தொரு வயதுக் கிழவர் ஒருவர் இருந்தார். அவர்தான் சாமுவேல் வெஸ்லி. மெத்தடிஸ்டு சபையின் ஞானப்பாட்டுக்களை எழுதிய சார்லஸ் வெஸ்லியின் குமாரர். 1784-ல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, பாப்பரசர் ஆறாம் பத்திநாதருக்கு ஒரு பூசைப்பாடலை இயற்றிச் சமர்ப்பித்தவர். பிற்காலத்தில் விலகி நின்றபோதிலும், லண்டனில் போர்த்துக்கல் ஸ்தானாபதியின் கத்தோலிக்கச் சிற்றாலயத்தில் வின்சென்ட் நொவெல்லோவுக்குத் துணையாக ஆர்கன் வாசித்தார். ஜெர்மன் மேதையாகிய பாக்கின் இசையை ஆங்கிலேயருக்கு அறிமுகப்படுத்தப் பாடுபட்டவரும் அவரே. அன்று வற்புறுத்தலுக்கு இணங்கிக் கிழவரும் வாசித்தார். அடுத்த மாதம் 11-ந் தேதி காலமானார்.

அவரோடு பழைய ஆங்கில ஆர்கனின் காலமும் முடியத் தொடங்கிற்று. பாக்கின் இசைக்குக் கால்கட்டைகள் வேண்டும், ஆகவே சேர்த்தார்கள். நீண்ட கீழ்ச் சுரங்கள் தேவையில்லை, ஆகவே வெட்டினார்கள். சுருதியைச் சமமாக்கினார்கள். காற்றின் அழுத்தத்தைக் கூட்டினார்கள். கார்னெட்டை ‘கிறீச்சிடுகிறது’ என்று கழற்றிவிட்டு, மெல்லிய தந்திவாத்தியக் குரலுள்ள குழல்களை வைத்தார்கள். மேற்கு மாடத்தில் நின்று கோவில் முழுவதும் நேராய்ப் பேசிய ஆர்கனை இறக்கி, பீடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறைக்குள் அடைத்தார்கள்.

இதைச் செய்தவர்கள் யார்? ஆர்கனை வெறுத்தவர்களா? இல்லை! அதை நேசித்த குருக்கள், பணம் சேர்த்துக் கொடுத்த விசுவாசிகள், திறமைமிக்க தொழிலாளர்கள். அவர்கள் செய்த புதிய ஆர்கன்கள் தம் மட்டில் அருமையானவை. புதிய இசையும் அவற்றால் பிறந்தது. அதைக் குறை கூறவில்லை. ஆனால் பழையதை ஒவ்வொன்றாய்த் திருத்தியதால், ஒரு காலம் வந்தபோது, ஸ்டான்லியின் இசையை அவர் கேட்டபடி கேட்க ஏறக்குறைய ஓர் இடமும் மிஞ்சவில்லை. பிறகு என்ன சொன்னார்கள்? ‘இந்த இசை மெலிந்தது, சாரமற்றது’ என்றார்கள். அதைக் கொழுக்க வைக்கக் கால்கட்டைப் பாகம் சேர்த்து அச்சிட்டார்கள். வாத்தியத்தை மாற்றியவர்கள், இசையைக் குற்றவாளியாக்கினார்கள்.

இவர்களை ஏன் கண்டிக்கிறேன்? நானும் அதே தவற்றைச் செய்தவன். குருமடத்தில் ஸ்டான்லியின் வாலண்டரிகள் அடங்கிய பழைய புத்தகம் ஒன்று என் கைக்கு வந்தது. ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்தேன். எதிரொலி என்று எழுதியிருந்த இடங்களில் அதே வாக்கியம் அதே குரலில் இரண்டு தரம் வந்தது. ‘சொன்னதையே சொல்கிறான், சிறுபிள்ளை விரற்பயிற்சி’ என்று மூடி வைத்துவிட்டேன். பல வருஷங்களுக்குப் பிறகு, பழைய ஆர்கனில் வாசித்த ஒலிப்பதிவை ஒரு நண்பர் கேட்கச் செய்தார். அதே பாகம். முதல் வாக்கியம் என் முன்னால் நின்று பேசியது. இரண்டாவது, மலைக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. நான் வெட்கமடைந்தேன். குறை புத்தகத்திலல்ல, என் பெட்டியில் இருந்தது. அதைவிட, என் அவசரத் தீர்ப்பில் இருந்தது.

9. மீட்டவர்கள்

தப்பிப் பிழைத்த ஆர்கன்கள் எப்படித் தப்பின? பெரும்பாலும் பணமில்லாமையால், அல்லது கவனிப்பாரில்லாமையால்! செஷயரில் ஆட்லிங்டன் என்ற மாளிகையின் கூடத்தில் 1693 வாக்கில் செய்த ஓர் ஆர்கன் உண்டு. ஹாண்டல் அதை வாசித்தார் என்பது அந்தக் குடும்பத்து ஐதிகம். பிற்காலத்தில் அது பழுதாகி வெகுகாலம் ஊமையாய்க் கிடந்தது; யாரும் ‘திருத்த’வில்லை. 1959-ல் நோயல் மாண்டர் என்ற தொழிலாளர் அதைப் பேசவைத்தபோது, பர்ஸல் காலத்துக் குரல் அதில் இருக்கக் கண்டார்கள். அதற்குச் சற்று முன்பு, 1950-களின் இறுதியில், பவர் பிக்ஸ் என்பவர் கிரேட் பாக்கிங்டன் ஆர்கனில் ஹாண்டலின் கச்சேரி இசையை வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார்.

பிறகு வேலை வளர்ந்தது. ஹாண்டல் இளமையில் பழகிய லிட்டில் ஸ்டான்மோர் கோவிலின் ஆர்கனை, மிஞ்சிய பாகங்களைக்கொண்டு 1994-ல் மறுபடி அமைத்தார்கள். லண்டன் ஆல்ட்கேட்டில், நம் ஹாரிஸ் செய்த ஆர்கன் 2006-ல் பழைய குரலைப் பெற்றது. ஸ்பிட்டல்பீல்ட்ஸ் கிறிஸ்து ஆலயத்தில் ரிச்சர்டு பிரிட்ஜ் 1735-ல் செய்து முடித்த ஆர்கன், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குழல்களோடு அக்காலத்து ஆங்கில ஆர்கன்களிலே மிகப் பெரியதாயிருந்தது. பல்லாண்டு மௌனத்துக்குப்பின், வில்லியம் டிரேக்கின் பட்டறையார் கைவண்ணத்தால் 2015-ல் அது மீண்டும் ஒலித்தது.

அவர்கள் வேலை செய்யும் முறையைக் கவனியுங்கள். குழலை உடனே கழுவி மினுக்குவதில்லை. முதலில் படிக்கிறார்கள். செய்தவன் ஈயத்தில் கீறிவைத்த எழுத்து, அது எந்தச் சுரம் என்று சொல்லும். பலகையிலுள்ள துளையின் அளவு, அங்கே எந்தக் குழல் நின்றதென்று சொல்லும். வெட்டிய குழலின் நுனியில் அதே கலவை உலோகத்தை ஒட்டி, பழைய நீளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். துளையை அடைத்த ஆணிகூட ஒரு சாட்சி. ‘எனக்கு எது பிடிக்கும்’ என்றல்ல, ‘செய்தவன் என்ன நினைத்தான்’ என்று கேட்டுக்கேட்டு வேலை செய்கிறார்கள்.

10. எப்படிக் கேட்பது?

இந்த ஆர்கன்களின் ஒலிப்பதிவுகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. வீட்டில் குடும்பமாய் உட்கார்ந்து ஸ்டான்லியின் ஒரு வாலண்டரியைக் கேளுங்கள். ஏழெட்டு நிமிஷத்துக்குமேல் ஆகாது. மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, தொடக்கத்தில் டயபேசன் குழல் ஒவ்வொன்றும் பேசத் தொடங்கும்போது எழும் சிறு மூச்சு. இரண்டாவது, சுரக்கூட்டு ஓய்ந்து நிற்குமிடத்தில் உள்ள அமைதி. அதுதான் சுத்தமான காந்தாரம். மூன்றாவது, எதிரொலி எங்கிருந்து வருகிறது என்பது. பிள்ளைகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.

முடிவாக, அந்தப் பையனுக்கு என் பதில் இது: தம்பி, பழைய பெட்டிதான் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஓர் இசையை எந்தக் குரலுக்காக எழுதினார்களோ, அந்தக் குரலில் ஒரு தடவையாவது கேட்குமுன் அதற்குத் தீர்ப்புச் சொல்லாதே. கீபோர்டில் வாசி, தவறில்லை. ஆனால் நீ வாசிப்பது எதன் நிழல் என்று தெரிந்து வாசி.

நமக்கோ இன்னுமொன்று உண்டு. 1644-ல் உடைத்தவர்கள் பகைவர். அவர்களுக்கு எதிராக நின்று குழல்களை ஒளித்து வைக்கலாம். பின்னால் வந்தவர்கள் நண்பர். அவர்களைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நம் கையில் ஒப்படைக்கப்பட்ட பழைய பொருளோ, பழைய வழக்கமோ, வீட்டிலுள்ள முதியவரோ, நமக்குப் புரியாத குரலில் பேசும்போது, ‘இதைத் திருத்திவிடலாம்’ என்று முதலில் தோன்றும். திருத்துமுன் ஒரு தடவை உட்கார்ந்து, பலகையிலுள்ள துளைகளைப் படிப்போம்.

சிந்திக்க:

1. 1644-ல் ஏற்பட்ட நஷ்டத்துக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்பட்ட நஷ்டத்துக்கும் வித்தியாசம் என்ன?

2. ஹாண்டல் தம் கடிதத்தில் ரீடுள்ள ஸ்டாப்புகளை ஏன் விலக்கினார்? நம் வீட்டுச் செலவுகளில் அந்த யோசனை எங்கே உதவும்?

3. சரியாய்க் கேளாமலே ‘சாரமில்லை’ என்று நான் தள்ளிவிட்டது எது, அல்லது யாரை?

உங்கள் பங்குச் சுவாமி